முன்னால் வந்த வால்

2010 அக்டோபர் 16 அன்று ஓசூரை அடுத்த தனேஜா விமான ஓடுதளத்திலிருந்து எழும்பி, ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் அரை மணி நேரம் பறந்து இறங்கிய ருஸ்தம்-1, விமானத்தின் வால் பின்னால்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே மீறிக் காட்டிய ஆளில்லா விமானமாகும். இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய இதன் மூக்கருகே சிறிய இறக்கை ஒன்றும், அதற்கு வெகு பின்னால் பெரிய இறக்கையும், கடைக்கோடியில் விமானத்தை முன்னோக்கித் தள்ளும் புரொப்பெல்லரும் இருந்தன. முன்னிறக்கை கொண்ட இவ்வமைப்பு, பிரெஞ்சு மொழியில் வாத்தைக் குறிக்கும் சொல்லால் 'கேனார்ட்' எனப்படுகிறது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1980களில் பேராசிரியர் ருஸ்தம் தமானியா முன்னின்று உருவாக்கிய இலகு ஆய்வு விமானமே இதற்கு மூலம். அவர் பெயரையே இதற்கு இட்டது மிகப் பொருத்தமான நன்றிக்கடன்.

வழக்கமான விமானத்தில் வாலிறக்கை பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்தியே மூக்கைச் சமன்செய்வதால், விமானத்தின் எடையோடு அந்த அழுத்தத்தையும் முதன்மை இறக்கை சுமக்க நேர்கிறது. கேனார்டிலோ, பொன்னமராவதியின் வீதிகளில் சாமியைத் தோளில் சுமந்து வருவோருள் தண்டின் முன்முனையைத் தாங்குவோரும் பின்முனையைத் தாங்குவோரும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதுபோல, இரண்டு இறக்கைகளுமே மேல்நோக்கித் தூக்குகின்றன. மூக்கு அளவுமீறி நிமிர்ந்தால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்று பிரிந்து, தூக்குவிசை சட்டென்று குறைந்துவிடும். 'ஸ்டால்' என்று விமானிகள் அஞ்சும் இந்நிலை முன்னிறக்கைக்கு முதலில் வரும்படி வடிவமைத்தால், மூக்கு தானே தாழ்ந்து, பெரிய இறக்கை அந்த ஆபத்தை எட்டும் முன்பே விமானம் மீண்டுவிடும். அழகான ஏற்பாடுதான். ஆயினும் பெரிய இறக்கை தன் முழுத் தூக்குவிசையை எட்ட இவ்வமைப்பு இடம் தராததால், தரையிறங்கும் வேகம் கூடி, நீண்ட ஓடுதளம் தேவைப்படுகிறது. இவ்வடிவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஸ்டார்ஷிப் பயணி விமானம் 53 எண்ணிக்கையோடு நின்றுபோனது. முன்னிறக்கை கொண்ட வாயேஜர் விமானமோ 1986இல், இடையில் எங்கும் இறங்காமல், 9 நாட்களில் உலகையே சுற்றி வந்தது.

ஓசூரில் 2009 நவம்பர் 16 அன்று நடந்த ருஸ்தம்-1இன் முதல் முயற்சி விபத்தில் முடிந்ததை வடிவத்தின் குற்றமாகக் கொள்வது நியாயமன்று. உயரத்தைத் தவறாகக் கணித்துத் தரையிலிருந்து எஞ்சினை நிறுத்தியதே அதற்குக் காரணம். ஆனால் அடுத்து வந்த ருஸ்தம்-2, வானில் பல மணி நேரம் வட்டமிட்டுக் கண்காணிக்கும் பணிக்கெனத் திட்டமிடப்பட்டது. அப்பணிக்குக் காற்றின் தடையைக் குறைத்து மிதக்கும் நீண்ட, ஒடுங்கிய இறக்கைகள் வேண்டும்; முன்னிறக்கை அமைப்போ, மேலே கண்டபடி, பெரிய இறக்கையைத் தன் முழுத் தூக்குவிசையை எட்ட விடுவதில்லை. தபஸ் எனப் பெயர் மாறிய அவ்விமானம் 2016 நவம்பரில் கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே முதன்முதலாகப் பறந்தபோது, மூக்கருகே இருந்த சிற்றிறக்கை மறைந்து, வால் மீண்டும் பின்னால் போயிருந்தது.