சாங்கியில் சைக்கிள், பின்னால் குழந்தை

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரின் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் வரிசை நீள்வதற்கு முன்பே, பக்கத்துப் படகுத்துறைக்குச் சைக்கிள்கள் வந்து சேர்ந்துவிடும். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சிறிது நேரத்தில் புலாவ் உபின் தீவு. அந்தச் சைக்கிள்களில் சிலவற்றில் குழந்தை இருக்கை பூட்டியிருக்கும். அதில் இரண்டு வயது, இரண்டரை வயதுப் பிள்ளை, கையில் பிஸ்கட்டோடு. வாரம் முழுவதும் பாட்டியிடமோ குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலோ இருக்கும் பிள்ளையை ஒரு நாளாவது மரங்களுக்கு நடுவே கொண்டுபோக வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் நினைக்கிறார்கள். நல்ல ஆசை. அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது தேவையும்கூட.

சிக்கல் படகிலிருந்து இறங்கிய பிறகுதான். உபினின் மேற்குப் பக்கத்தில் கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்கா இருக்கிறது. 2008ல் திறந்தது. பாதைகளைக் கடினத்தின்படி குறியிட்டிருக்கிறார்கள்: நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். கல், வேர், திடீர்ச் சரிவு, மழைக்குப் பின் வழுக்கும் செம்மண். பிள்ளையை இருக்கையில் வைத்துக்கொண்டு இந்தப் பாதைகளில் இறங்கக் கூடாது. நீலக் குறி போட்டதிலும் கூடாது. ஓட்டுபவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் இதுவே என் கருத்து. காரணம் ஓட்டுபவரின் திறமையில் இல்லை, பிள்ளையின் உடம்பில் இருக்கிறது.

ஒரே சைக்கிள், இரண்டு பயணம்

மலைப்பாதையில் ஓட்டத் தெரிந்தவர் சீட்டில் உட்கார்ந்தே இருப்பதில்லை. மேடுபள்ளம் வந்ததும் பெடலில் எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் லேசாக மடக்கிக்கொள்கிறார். சக்கரம் கல்லில் மோதி எகிறும்போது அந்த அதிர்ச்சியைக் கால்களும் கைகளும் வாங்கிக்கொள்கின்றன. தலை அதிகம் ஆடுவதில்லை. பின்னால் வாரால் கட்டி உட்காரவைத்த பிள்ளைக்கு இந்த வழி கிடையாது. சக்கரம் வாங்கிய அடி சட்டத்தின் வழியாக இருக்கைக்கும், இருக்கையிலிருந்து இடுப்புக்கும், முதுகெலும்பு வழியாகக் கழுத்துக்கும் போகிறது. பின்னிருக்கைகள் பலவற்றை இரண்டு இரும்புக் கம்பிகள் தாங்குகின்றன. சாலைக் குலுங்கலுக்கு அந்தக் கம்பிகளின் வளைவு போதும். வேர்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில் அவையே இருக்கையைத் துள்ளவைக்கும். “பாதை அவ்வளவு மோசமில்லை” என்று அப்பா சொன்னால், அவர் உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். பின்னால் இருப்பவரின் பயணம் வேறு.

அந்தச் சின்ன உடம்பின் கணக்கையும் பார்க்க வேண்டும். வளர்ந்தவரின் உயரத்தில் தலை ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்த வயதிலேயே மூளை வளர்ந்தவரின் மூளையில் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தின் தசைகள் இன்னும் மெலிந்தவை, தசைநார்கள் தளர்ந்தவை. வேகமாக ஆடும்போது வளர்ந்தவரின் கழுத்து கீழ்ப்பகுதி எலும்புகளில் வளைகிறது. சிறு பிள்ளையின் கழுத்து மண்டையோட்டுக்கு அருகே, மேல் எலும்புகளில் வளைகிறது. ஹெல்மெட்டின் எடையும் அந்தக் கழுத்தின் மேல்தான் ஏறுகிறது.

பெரியவர் ஒருவர் கைக்குழந்தையைப் பிடித்து வெறியோடு உலுக்கினால் மூளையில் ஏற்படும் கொடிய காயம் சைக்கிளிலும் வந்துவிடுமோ என்று சில தாய்மார்கள் பயப்படுவதுண்டு. சமதளத்தில் மெதுவாக ஓட்டுவதை அதனோடு சேர்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மலைப்பாதையில் உண்மையாகப் பயப்பட வேண்டியது விழுவதற்கு.

எந்த வயதில் ஏற்றலாம்

ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம். ஒரு வயது ஆனாலும், பிள்ளை பிடிமானம் இல்லாமல் நிமிர்ந்து உட்கார வேண்டும், ஹெல்மெட் போட்ட தலையைத் தானே நேராக வைத்திருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, தசை வலு தாமதமாக வரும் பிள்ளை என்றால் வயதை மட்டும் பார்க்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

முதுகுப்பையிலோ, மார்போடு கட்டிய துணித் தொட்டியிலோ பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டுவது எந்த வயதிலும் தவறு. ஓட்டுபவர் விழுந்தால் அவருடைய முழு எடையும் பிள்ளையின் மேல்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரைமணி நேர ஓட்டத்தில் பிள்ளை கண்ணயர்ந்துவிடும். தலை முன்னால் சரிந்து, தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுப் பாதை நெருக்கப்படும். பின்புறம் புடைத்த ஹெல்மெட், உயரமான முதுகுச் சாய்வில் முட்டித் தலையை இன்னும் முன்னே தள்ளும். பின்னிருக்கையில் இது நடப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. பிள்ளை தூங்கினால் இறங்கி, தூக்கி வைத்துக்கொள்வதே சரி.

முன்னால், பின்னால், இழுவண்டி

ஐரோப்பியத் தர விதியான ஈஎன் 14344, முன்னிருக்கைக்கு 15 கிலோ, பின்னிருக்கைக்கு 22 கிலோ என்று எடை எல்லை வைக்கிறது. முன்னால் இருந்தால் பிள்ளை கண்ணெதிரே இருக்கும், பேசிக்கொண்டே போகலாம். ஆனால் ஹேண்டில்பார் திரும்ப இடம் குறையும், தலைகுப்புற விழுந்தால் பெரியவரின் உடல் பிள்ளையின் மேல் விழும். பின்னால் வைத்தால் பன்னிரண்டு கிலோப் பிள்ளையும் இருக்கையின் எடையும் உயரத்தில் ஏறிக்கொள்ள, சைக்கிள் தள்ளாடும், பிரேக் பிடித்து நிற்க அதிக தூரம் ஆகும். கார்பன் சட்டத்திலும், பின்பக்க அதிர்வுதாங்கி உள்ள மலைச்சைக்கிளிலும் இருக்கை பூட்டலாமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். பல இருக்கைகளுக்கு அது தடை.

மலைச்சைக்கிளுக்கென்றே வந்த ஒரு வகையும் உண்டு. நியூசிலாந்தின் ஷாட்கன், கனடாவின் மேக்ரைட் போன்றவை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை முன்னால் ஒரு சின்னச் சீட்டில் அமர்ந்து, கால்தாங்கியில் காலை ஊன்றி, ஹேண்டில்பாரைத் தானே பிடித்துக்கொள்ளும். பிள்ளையும் முழங்காலை மடக்கி அதிர்ச்சியை வாங்கலாம் என்பது இதன் நல்ல அம்சம். ஆனால் உடம்பைக் கட்டும் வார் இல்லை. எல்லாம் பிள்ளையின் பிடியிலும் கவனத்திலும் நிற்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை குரங்கைக் கண்டதும் இரண்டு கையாலும் சுட்டிக்காட்டும். நான்கு வயதை நெருங்கிய பிள்ளையோடு, அகலமான சரளைப் பாதையில், நடை வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக ஓட்டுவதற்கு இது பொருந்தும் என்பேன்.

பின்னால் இழுத்துச் செல்லும் இழுவண்டி தரைக்கு அருகில் இருக்கும். சைக்கிள் சாய்ந்தாலும் அது சாயாதபடி இணைப்பு சுழலும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பின்னிருக்கையைவிட இதையே விரும்புகிறார்கள். வேரும் கல்லும் உள்ள பாதையில் இதுவும் ஒரு சக்கரம் ஏறிக் கவிழும். சிங்கப்பூர்ச் சாலையில் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு அது தெரியாமல் போகலாம்.

நிற்கும் சைக்கிள்தான் விழுகிறது

ஓடும்போது விழுவதையே எல்லாரும் நினைக்கிறார்கள். ஸ்டாண்ட் போட்டு, பிள்ளையை இருக்கையில் விட்டுவிட்டு, தண்ணீர்ப் புட்டி எடுக்கத் திரும்பும் அந்த நொடியை நினைப்பவர் குறைவு. தாய்மார்கள் தினமும் பிள்ளைகளைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோகும் ஜப்பானில், நிறுத்திய சைக்கிளில் பிள்ளையை விட்டு நகராதீர்கள் என்று நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன.

இருக்கையின் உயரம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் அளவுகோல் உண்டு. தலையில் அடிபட்டு வந்த 42,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து, யாருக்கு ஸ்கேன் தேவை என்று கணிக்கும் விதிகளை 2009ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை 0.9 மீட்டருக்கு மேலிருந்து விழுந்தால் அதைக் கடுமையான விழுதலாகவே அந்த விதிகள் எடுத்துக்கொள்கின்றன. பின்னிருக்கையில் உட்கார்ந்த பிள்ளையின் தலை அதைவிட உயரத்தில் இருக்கிறது, சைக்கிள் அசையாமல் நின்றாலும். ஏற்றும்போது பிள்ளை கடைசி, இறக்கும்போது பிள்ளை முதல். வேறு ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும்.

கொலுசு, துப்பட்டா, சக்கரக் கம்பி

தமிழ்நாட்டில் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வளர்ந்த தலைமுறையில், குதிகால் பக்கத்தில் தழும்பு உள்ளவர்களைப் பார்க்கலாம். சக்கரக் கம்பிக்குள் கால் மாட்டிய தழும்பு. சுழலும் கம்பி, காலைச் சட்டத்தோடு வைத்து நசுக்கும். முதல் நாளில் சிராய்ப்புப் போலத் தோன்றும் இடத்தில் தோல் சில நாள் கழித்துக் கறுத்து அழுகலாம். உள்ளே எலும்பும் முறிந்திருக்கலாம். அதனால் சின்னக் காயமென்று மஞ்சள் பற்றுப் போட்டு விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இருக்கையில் கால்மறைப்பும் பாதத்தைக் கட்டும் வாரும் இருக்கிறதா என்று பாருங்கள். உபின் கிராமத்தில் வாடகைக்கு எடுக்கும் சைக்கிள் என்றால் இன்னும் கவனமாக, வாரை இழுத்து, பூட்டை ஆட்டிப் பார்த்த பிறகே பிள்ளையை ஏற்றுங்கள். கொலுசையும் கழுத்துச் சங்கிலியையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். ஓட்டும் அம்மா துப்பட்டாவைத் தவிர்க்க வேண்டும். இந்தியாவில் துப்பட்டா சக்கரத்தில் சுற்றி இறந்த பெண்கள் உண்டு.

தலைக்கவசம்

2019 முதல் சிங்கப்பூர்ச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது சட்டம். பூங்கா இணைப்புப் பாதைகளில் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். தலைக்கவசம் தலைக்காயத்தையும் மூளைக்காயத்தையும் 63 முதல் 88 விழுக்காடு வரை குறைப்பதாகக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

கவசத்தின் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு உச்சியில் குடுமி போட்டுப் பூ வைப்பது வழக்கம். அந்தக் குடுமியின் மேல் கவசம் ஏறி நின்றால் நெற்றி திறந்துகிடக்கும். அன்று ஒருநாள் முடியைக் கழுத்தருகே தாழக் கட்டுங்கள். ஒருமுறை பலமாக அடி வாங்கிய கவசம் வெளியே கீறலின்றி இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். விளையாட்டு மைதானத்துக்குப் போனதும் கவசத்தைக் கழற்றிவிடுங்கள். ஏறுகம்பிகளுக்கு இடையே கவசம் சிக்கி, தாடை வார் கழுத்தை இறுக்கி ஐரோப்பாவில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் இழுத்தால் விடுபடும் பச்சைப் பூட்டுக் கொண்ட சிறுவர் கவசம் அங்கே தனித் தரமாக வந்தது.

வெயிலும் இடியும்

ஓட்டுபவருக்கு எதிர்காற்று அடிக்கிறது. அவர் முதுகு மறைப்பதால் பின்னால் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் காற்று எட்டாது. இழுவண்டியின் மூடிய கூரைக்குள் இன்னும் புழுக்கம். 2023 முதல் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் வெப்ப அழுத்த நிலையை வெளியிடுகிறது. அதை அளக்கும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 31 டிகிரியைத் தொட்டால் நடுத்தரம், 33ஐத் தொட்டால் உயர்நிலை. நடுத்தரம் என்று காட்டும் நேரத்திலேயே நான் பிள்ளையை ஏற்ற மாட்டேன். காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள், பிள்ளை கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். இடி கேட்டால் கடலோரத்தை விட்டு உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

சாங்கியில் எங்கே ஓட்டலாம்

சாங்கிக் கடற்கரைப் பூங்காவின் பாதை சமதளம். விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறக்கும். பிள்ளைக்கு அதைவிட வேறு வேடிக்கை வேண்டாம். 2020 அக்டோபரில் திறந்த சாங்கி விமான நிலைய இணைப்புப் பாதையில் டைனோசர் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே பெரியவர்களே நின்று படம் எடுக்கிறார்கள். சாங்கி கோஸ்ட் ரோட்டை ஒட்டிய நீண்ட நேர்பாதை பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் நிழல் குறைவு, பந்தய சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள். அந்தப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. பிள்ளையோடு போகிறவருக்குப் பத்து, பன்னிரண்டு போதும்.

உபினுக்கும் போகலாம். கிராமத்திலிருந்து செக் ஜாவா பக்கம் போகும் பாதையில் மெதுவாக ஓட்டி, மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். செக் ஜாவா நுழைவாயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டு மரப்பாலத்தில் பிள்ளையை நடக்கவிடுங்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் வந்தால் உணவுப் பையை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அவற்றுக்கு உணவளிப்பது குற்றம்.

கெத்தாம் பாதைகளில் ஓட்ட ஆசை இருந்தால் பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு கிராமத்தில் இருக்க, மற்றவர் போய் வரட்டும். பிள்ளைக்கு இரண்டு வயதில் பெடல் இல்லாத சமநிலைச் சைக்கிளை வாங்கிக் கொடுங்கள். தன் காலால் உந்தி, தானே விழுந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கற்றுக்கொள்ளும் பிள்ளை, ஐந்தாறு வயதில் பெடல் சைக்கிளுக்கு எளிதாக மாறும்.

விழுந்துவிட்டால்

பிள்ளை நினைவிழந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தாலோ, கழுத்தை அசைக்க மறுத்தாலோ, பிள்ளையை அசைக்காமல் 995ஐ அழையுங்கள். உபினில் மருத்துவமனை இல்லை. காட்டுப்பாதையிலிருந்து படகுத்துறை, அங்கிருந்து கடல் தாண்டிச் சாங்கி, பிறகு மருத்துவமனை என்று நேரம் போகும் என்பதால் அழைப்பைத் தாமதிக்க வேண்டாம்.

பிள்ளை அழுது ஓய்ந்து விளையாடத் தொடங்கினாலும் ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், தேற்ற முடியாத அழுகை, நடையில் தள்ளாட்டம், பாலையும் சோற்றையும் மறுப்பது, நெற்றியைத் தவிர்த்த இடத்தில் மெத்தென்ற வீக்கம் — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தேக்காவுக்குப் பக்கத்தில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வயது நிறையாத பிள்ளை என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அன்றே காட்டுவது நல்லது. எவ்வளவு உயரத்திலிருந்து, எந்தத் தரையில், கவசத்தோடா இல்லாமலா விழுந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், கவசத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.