குருணை சிந்திய முற்றம்

அரிசி அன்று கல்லும் நெல்லும் கலந்துதான் வீட்டுக்கு வந்தது. சமைப்பதற்கு முன் முறத்திலிட்டுப் புடைப்பார்கள். உமியோடு கொஞ்சம் குருணையும் முற்றத்தில் சிதறும். இரண்டு முழம் தள்ளிக் காத்திருக்கும் சிட்டுக்குருவிகள் உடனே இறங்கிவிடும். கிடைத்தது நெல்லாக இருந்தால் ஒரு குருவி அதை அலகின் ஓரத்தில் வைத்து மெல்ல உருட்டும். உமி பிளந்து கீழே விழ, அரிசி மட்டும் உள்ளே போகும். அதை அந்நாளில் யாரும் நின்று பார்த்ததில்லை. புடைப்பவருக்கு அடுத்த வேலை இருந்தது.

இன்று ஆலையிலேயே கல் நீக்கிப் பையில் அடைத்த அரிசி நேராகக் குக்கருக்குப் போகிறது. சிந்துவதற்கு ஏதுமில்லை. பழைய வேலை திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதில் தோள் நொந்தவர்கள் பெண்கள். ஆனால் அந்த உழைப்பின் ஓரத்தில் ஒரு பந்தி நடந்தது என்பதும் உண்மை.

2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்றும் சொன்னது. செல்பேசிக் கோபுரத்தின் மேல் பழி போடுவது எளிது. அதற்கு உறுதியான சான்று இல்லை. குருவிக் குஞ்சு தானியத்தில் வளர்வதில்லை, அதற்குப் புழுவும் பூச்சியும் வேண்டும். கூடு கட்ட ஓட்டு இடுக்கோ சுவர்ப் பொந்தோ வேண்டும். இரண்டும் நகரத்து வீடுகளில் அருகிவிட்டன.

கொல்லைப்புறத்தின் கதை இன்னும் கனமானது. முருங்கை, மா, எலுமிச்சையின் சருகுகள் அங்கே மாதக்கணக்கில் கிடக்கும். ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தத்தித் தத்திச் சருகுகளைப் புரட்டும். ஒவ்வோர் இலைக்கும் அடியில் ஒரு கரப்பானோ கரையானோ அகப்படும். ஒன்று மட்டும் கிளையில் அமர்ந்து காவல் காக்கும். பூனையின் வால் தெரிந்தால் போதும், கூட்டமே கீச்சிட்டுத் தெருவைக் கூட்டிவிடும். கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் பாயும் இடத்தில் மண் எப்போதும் நெகிழ்ந்திருக்கும். அங்கே கொண்டலாத்தி நீண்ட அலகை ஊன்றி ஊன்றிப் புழு எடுக்கும். இப்போது அந்தத் தண்ணீர் குழாய் வழியே சாக்கடைக்குப் போகிறது. கொல்லையில் சிமென்ட் கல் பதித்தாயிற்று; விழும் இலையைக் குப்பை வண்டிக்காரர் காலையிலேயே எடுத்துப் போகிறார்.

வந்து சேர்ந்தவையும் உண்டு. அடுக்குமாடியின் ஜன்னல் விளிம்பு மாடப்புறாவுக்குப் பாறை விளிம்புபோல் வாய்த்துவிட்டது. தானியம் இறைப்பவர்களும் வலை கட்டுபவர்களும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். கோவை, ஈரோடு பக்கத்துத் தோட்டங்களில் மயில் விதைத்த கடலையைக் கிளறுகிறது. அங்கே அதை அழகென்று மட்டும் பார்க்க முடிவதில்லை. பால்கனித் தொட்டியின் செம்பருத்திக்கும் தேன்சிட்டு வருகிறது. வாய் வழியே எட்டாதபோது பூவின் அடியில் துளையிட்டுத் தேனை உறிஞ்சிவிடும்.

பார்ப்பவர்கள்தான் அன்றைவிடப் பெருகியிருக்கிறார்கள். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-இல் வந்தது. ஆனாலும் நெடுங்காலம் சிறியதெல்லாம் எங்களுக்குக் குருவிதான். இன்று பொங்கல் நாட்களிலும், பிப்ரவரியில் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும் பள்ளிப் பிள்ளைகள் மாடியில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதைப் பெயர் சொல்லிப் பதிகிறார்கள். தையல்சிட்டையும் கதிர்க்குருவியையும் குரலிலேயே பிரித்தறியும் பிள்ளைகளைக் கண்டு மலைத்திருக்கிறேன்.

எங்கள் தெருப் பிள்ளைகளின் பட்டியலில் காகம், மைனா, மாடப்புறா, தேன்சிட்டு உண்டு. தவிட்டுக்குருவியைப் பார்க்க இரண்டு தெரு தள்ளி, வீடு எழும்பாத ஒரு மனைக்கு அவர்கள் போகிறார்கள். வேலிக்கருவையின் கீழே அங்கே இன்னும் சருகு கிடக்கிறது. போன மாதம் அந்த மனையிலும் அளவுக்கல் நட்டுவிட்டார்கள்.