சுப்பிரமணிய சிவா

சுப்பிரமணிய சிவா (4 அக்டோபர் 1884 – 23 சூலை 1925) விடுதலைப் போராட்ட வீரர், இதழாளர். வத்தலக்குண்டில் பிறந்தவர். தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டியில் மறைந்தார்.

போராட்டமும் சிறையும்

தேச அரசியலைத் தொழிலாளியின் கூலியோடு இணைத்துப் பேசியவர் சிவா. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை வ. உ. சிதம்பரனாருடன் முன்னின்று நடத்தினார். அரசதுரோக வழக்கில் விதிக்கப்பட்ட 10 ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் 6 ஆண்டுகளாகக் குறைந்தது. சிறையில் தொழுநோய் பற்றியது. 1912 நவம்பரில் விடுதலையானார்.

இதழ்ப்பணி

1913இல் சென்னையில் 'ஞானபானு' மாத இதழைத் தொடங்கினார். அப்போது புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியாரும் வ. வே. சு. ஐயரும் அதில் எழுதினர். பாரதியாரின் 'சின்னச் சங்கரன் கதை' அவ்விதழில் வெளிவந்தது. பின்னர் 'பிரபஞ்சமித்திரன்' இதழையும் நடத்தினார்.

பாப்பாரப்பட்டி

தொழுநோயாளிகள் தொடர்வண்டியில் பயணிக்க இருந்த தடையால், நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயில் கட்ட முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும் முன்பே சிவா காலமானார். பின்னாளில் தமிழ்நாடு அரசு அங்கு அவருக்கு மணிமண்டபமும் பாரத மாதா நினைவாலயமும் அமைத்தது.