சிறுநீரகத் தளர்ச்சியை அறியும் வகை

நோய்களுட் சில அலறிக்கொண்டு வரும். சில அரவமின்றி வரும். சிறுநீரகத் தளர்ச்சி பிந்திய வகையைச் சார்ந்தது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள. இரு சிறுநீரகங்களும் நாடோறும் 180 இலீற்றர் வரையான நீரைக் குருதியினின்று வடித்து, ஒன்றரை இலீற்றர் அளவினை மட்டும் சிறுநீராகக் கழித்து, எஞ்சியதை மீட்டுக்கொள்கின்றன. சிறுநீரகத்திகள் பல அழிந்தவிடத்தும் எஞ்சியவை அவற்றின் சுமையைத் தாங்குதலின், நோயாளர் பல்லாண்டு யாதும் உணரார். குமட்டல், மூச்சுத்திணறல் முதலியன தோன்றுங்கால் பெரும்பகுதி அழிந்தே போயிருக்கும்.

இந்நோயை அறிய வழிகாட்டியவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையிற் பணிபுரிந்த றிச்சட் பிறைற் என்பார். 1827இல் வெளியிட்ட நூலில், உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரிற் புரதம் காணப்படுவதையும், இறந்தபின் அன்னோரின் சிறுநீரகங்கள் கேடுற்றிருந்தமையையும் இணைத்துக் காட்டினார். கரண்டியிற் சிறுநீரை எடுத்து மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சின், அதிலுள்ள புரதம் முட்டை வெண்கருவைப் போலத் திரளும். வகுப்பறையிற் செய்து காட்ட நாம் துணியோமாயினும், இதனினும் எளிய சோதனை அரிது.

ஆயினும் இக்கரண்டி எல்லோர்க்கும் உதவுவதன்று. 1990களிலிருந்து நம் நாட்டின் வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே கண்டறியப்பட்ட சிறுநீரக நோய்க்குச் சலரோகமோ குருதியமுக்கமோ காரணமன்று. மூலகாரணம் இதுவென இன்னும் நிறுவப்படவில்லை. அந்நோயில் நெடுங்காலம் சிறுநீரிற் புரதம் அற்பமாகவே காணப்படும், காணப்படாமலும் இருக்கும். எனவே குருதியிலுள்ள கிரியற்றினினை அளத்தல் இன்றியமையாததாகின்றது.

கிரியற்றினின் தசையினின்று தோன்றும் கழிவு. ஆதலால் ஒரே எண் எல்லார்க்கும் ஒரே பொருள் தருவதில்லை. தெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்பதை எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி, 25 வயது இளைஞனுக்கு இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 86 மில்லிலீற்றர் வடிதிறனைக் குறிக்கும். அவனுடைய 75 வயதுப் பாட்டியாருக்கோ 47ஐயே குறிக்கும். வடிதிறன் 60க்குக் குறைந்து மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பின் நாட்பட்ட நோய் எனவும், 15க்குக் குறையின் செயலிழப்பு எனவும் கொள்வர். சலரோகமும் குருதியமுக்கமும் உடையோர் ஆண்டுதோறும் சிறுநீர், குருதி இரண்டையும் சோதிப்பித்தல் வேண்டும். நோவு மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி விழுங்கும் வழக்கத்தையும் அன்னோர் விடல் வேண்டும்.

சோதனைத் தாளைப் பார்த்தவுடன் எறிந்துவிடுவோர் நம்மிடையே மிகப் பலர். வடிதிறன் ஆண்டொன்றுக்கு 5க்கு மேலாகத் தொடர்ந்து குறையின் அது விரைந்த தேய்வாகும். ஒருவரது வடிதிறன் ஈராண்டுக்குமுன் 78, சென்ற ஆண்டு 66, இவ்வாண்டு 55 என இறங்கியிருப்பினும், இவ்வாண்டுத் தாளொன்றையே அவர் கொண்டுசெல்வாராயின், வைத்தியர் அவ்விரைவை எங்ஙனம் காண்பார்?