கினிக்கோழியின் முட்டைப் பருவமும் தோட்டத்தின் காலக்கணிப்பும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றின்கண் தோன்றும் புள், விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள் என்றும் வகுத்தது தமிழ் இலக்கண மரபு. முல்லைக்குக் கானக்கோழியைப் புள்ளாகவும் கார்காலத்தைப் பெரும்பொழுதாகவும் அம்மரபு கூறும். இவ்விணைப்பு வெறும் புலவர் வழக்கன்று. மழைக்கும் பறவையின் வாழ்வுக்குமுள்ள தொடர்பைக் கண்டறிந்த மக்களின் அனுபவம் அதன் அடியில் உண்டு எனலாம். கினிக்கோழி எப்பொழுது முட்டையிடத் தொடங்கும் என்ற வினாவையும் நிலம், பொழுது ஆகியவற்றின் வழியாகவே அணுகுதல் வேண்டும்.

கினிக்கோழி ஆபிரிக்காவுக்குரிய பறவை. நாட்டுக்கோழியைப் போல் ஆண்டு முழுவதும் விட்டுவிட்டு முட்டையிடுவதன்று. பருவம் பார்த்து இடுவது. பகற்பொழுது நீளுகையில் ஒளி மூளையைத் தூண்ட, அதனாற் சுரக்கும் நீர்கள் சினைப்பையை வளர்க்கின்றன. ஆதலின் ஐரோப்பாவில் இது வசந்தத்தில் முட்டையிடத் தொடங்கும். வட இந்தியாவில் ஏறத்தாழ மார்ச், ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பர் வரை இடும். ஆபிரிக்கப் புல்வெளிகளிலோ மழையே முதன்மையான தூண்டுகோல். மழைக்குப் பின் பெருகும் பூச்சியும் புல்விதையும் முட்டைக்கு வேண்டிய ஊட்டத்தை அளிக்கின்றன.

பதுளை மாவட்டத்தின் தென்சரிவில், கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள பூனாகலையை இனி நோக்குவோம். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருத்தலால், இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவே. எனவே இங்கு ஒளியைக் காட்டிலும் மழையே கருத்திற்கொள்ளத்தக்கது. ஊவாவில் மார்ச், ஏப்ரலில் ஒரு மழையும், ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்றோடு நீளும் பெருமழையும் உண்டு. யூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி. ஆகவே முட்டைப் பருவத்தின் தொடக்கத்தை இவ்விரு மழைகளையும் ஒட்டி எதிர்பார்த்தலே பொருந்தும்.

பறவையின் வயதும் இதனோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது. பேடு முதல் முட்டையிட ஏழெட்டு மாதங்கள் செல்லும். ஏப்ரலிற் பொரித்த குஞ்சு நவம்பரளவில், மழைக்காலத்தில், முதிர்ச்சியடையும். மார்கழியிற் பொரித்ததோ வறட்சியில் முதிர்வதால், முட்டையிடத் தாமதிக்கக்கூடும். கூட்டத்திலிருந்து பறவைகள் இணையிணையாகப் பிரிவதும், பேடு நாள்தோறும் ஒரே புதரை நாடுவதும் பருவம் தொடங்கியமைக்கு அறிகுறிகள். கூட்டிலுள்ள முட்டைகளை முற்றாக எடுத்துவிட்டால் பேடு வேறிடம் தேடும். சிலவற்றை விட்டு எஞ்சியவற்றை எடுப்பதே முறை.

முட்டைக்கு உகந்த மழை குஞ்சுக்கு உகந்ததன்று. இருபத்தாறு முதல் இருபத்தெட்டு நாள்களிற் பொரிக்கும் குஞ்சுகளைத் தாய் ஈரப் புல்லினூடே இழுத்துச் செல்லும். நனைந்து குளிரில் விறைத்து அவை மடியும். பூனாகலையின் பனிமூட்டத்தில் இவ்விடர் பெரிது. நாட்டுக்கோழியை அடைவைத்துப் பொரிக்கச் செய்து, முதற் சில வாரங்கள் குஞ்சுகளை உலர்ந்த இடத்தில் வைத்துக் காப்பதே தக்க வழி. ஆயின் இட நெருக்கடி மிக்க லயத்தில் அத்தகைய இடம் எங்கே? இங்குதான் ஒரு பறவையின் பருவம் பற்றிய செய்தி சமூகவியல் வினாவாக மாறுகின்றது.

தோட்டத்துக்கும் ஒரு பருவம் உண்டு. ஊவாத் தேயிலை தன் தனிச்சுவையாற் புகழும் விலையும் பெறுவது யூலை முதல் செப்டெம்பர் வரையிலான காலத்தில். மலையின் இப்பக்கத்தை வரண்ட கச்சான் காற்றாய் வந்தடையும் தென்மேற்குப் பருவக்காற்றே கொழுந்தின் வளர்ச்சியைத் தடுத்து அச்சுவையைத் தருகின்றது. அதே வறட்சியில் லயத்து முற்றத்திற் புல்லும் பூச்சியும் குறைகின்றன, முட்டையும் குறையும். ஆகத் தேயிலைக்கு உயர்ந்த பருவம் கோழிக்கு ஒடுங்கிய பருவமாகின்றது. தேயிலையின் விலையைத் தொழிலாளி தீர்மானிப்பதில்லை. தான் வளர்த்த கோழியின் முட்டையோ அவள் கைக்கு நேரே வருவது.

மழை வந்தபோதும் அம்மக்களுக்கு அமைதியில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. 2023 மார்ச்சிற் பூனாகலை கபரகலையிலும் மண்சரிவினால் மக்கள் இருப்பிடமிழந்தனர். ஒக்டோபரும் மார்ச்சும் நாம் மேலே கண்ட மழைகளின் தொடக்க மாதங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. பேடு புதருக்குள் முட்டையிடத் தொடங்கும் வேளையிலேயே அதனை வளர்ப்பவள் லயத்தை விட்டு வெளியேற நேரலாம்.

கினிக்கோழி வளர்ப்பைத் தோட்ட மக்களுக்குத் துணைத்தொழிலாகப் பரிந்துரைப்போர் முட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடுதல் போதாது. பருவத்தை மழை தருகின்றது. அதனைப் பயன்கொள்ள உறுதியான நிலமும் சொந்த வீடும் வேண்டும். அவற்றை மழை தருவதில்லை.