அசெம்பிள் பண்றதா, கம்பெனி செட்டா?

"ஏனுங்க, பையனுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் குடுக்கறதா, கம்பெனி செட்டா வாங்கறதா?" உக்காருங்க. டீ குடிச்சுக்கிட்டே பேசலாம்.

முதல்ல, அதுல என்ன வேலை? திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ், டேலியும் ஜி.எஸ்.டி. பில்லும்தான்னா கம்பெனி செட்டே வாங்கிடுங்க. விண்டோஸ் லைசென்ஸோட வரும். கெட்டுப்போனா ஆளே ஆபீஸுக்கு வந்து பாக்கற வாரண்டியும் கிடைக்கும். அரை நாள் பில் போட முடியலைன்னா அங்க லோடு நின்னு போயிருமுங்க.

பையன் வீடியோ எடிட்டிங், அனிமேஷன்னு போறவன்னா, நான் அசெம்பிள் பக்கம். கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு, கேபினெட்டுக்கு எவ்வளவுன்னு நாமளே முடிவு பண்ணலாம். அதைவிடப் பெருசு, பின்னால வர்ற ரிப்பேர். 1995-ல இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவுலதான் கடையில விக்கற மதர்போர்டும் கேபினெட்டும் இன்னிக்கும் வருது. ஒண்ணு போனா அதை மட்டும் மாத்திக்கலாம். சில கம்பெனி செட்டுல பவர் கனெக்டரே தனி மாதிரி. வெளிய வாங்கற எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பவர் சப்ளை, அதுல சேராது. அசெம்பிள் செட்டுல பின்னால பிராசஸரை மட்டும் புதுசா மாத்தவும் முடியும். ஏ.எம்.டி.யோட ஏ.எம்.4 சாக்கெட்டைப் பாருங்க: 2017-ல வந்த பல போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணினா 2022-ல வந்த பிராசஸர் ஓடுது.

எல்லாரும் கையைச் சுருக்கறது எஸ்.எம்.பி.எஸ்.லதான். அதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. கரண்டு ஏறி இறங்கற ஊருல மட்டமான சப்ளை, போகும்போது போர்டையும் சேத்துக் கொண்டுபோயிரும்.

மாட்டறது கஷ்டமில்லைங்க. பிராசஸர் மூலையில சின்ன முக்கோணம் இருக்கும். சாக்கெட்டுல இருக்கற முக்கோணத்துக்கு நேரா வெச்சா தானா உக்காரும், அமுக்கக் கூடாது. ரேமை மட்டும் கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும். 1937-லயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செஞ்ச கோயம்புத்தூருங்க இது. நம்ம பிள்ளைங்க ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒருதடவை அவனே மாட்டட்டும்.

ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. அசெம்பிள் செட்டுக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பெட்டியில வர்ற பிராசஸருக்கு 3 வருஷம். பில் இல்லாம கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்க, பெட்டியையும் பத்திரமா வெச்சுக்குங்க.