கல்லினுள் நீர்

லிங்கநகரில் என் வீட்டு விறாந்தையில் மாலைப் பாடம் கேட்க வரும் மாணவியொருத்தி, காக்காய்ப்பொன் மின்னும் கல்லொன்றைக் காட்டி, "ஐயா, இதற்குள் தண்ணீர் இருக்குமோ?" என்று வினவினாள். "கல்லுக்குள் நீரா!" என்று நகைத்துவிட்டேன். நகைத்தது என் அறியாமையே என்பதை அன்றிரவு நூல்களைப் புரட்டியபோது உணர்ந்தேன்.

காக்காய்ப்பொன்னின் அணுக்கட்டுக்குள் நீரின் கூறுகள் பிணைந்து கிடக்கின்றன. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் இலங்கையையும் சுமந்து செல்லும் இந்தியப் புவித்தட்டின் வடவிளிம்பு ஆசியாவின் அடியிற் புகுந்தது. இன்று லடாக்கின் சோ மோராரி ஏரிப்புறத்தே காணும் பாறைகள் அவ்வாறு 90 கிலோமீற்றருக்கும் மேலான ஆழஞ் சென்று மீண்டவை. பேரழுத்தத்தில் மட்டுமே பிறக்கும் கோசைற்று என்னும் கனிமம் அவற்றுள் இருப்பதே சான்று.

ஆழ்ந்த கண்டப் பாறையை அழுத்தமும் வெப்பமும் பிழிந்தன. பிரிந்த நீர், ஆசனிக்கு, அந்திமனி ஆகியவற்றையும் ஏந்தி, மேலிருந்த கவசப் படையுட் புகுந்தது. அங்கிருந்த ஒலிவீன் என்னும் கடுங்கனிமம் அந்நீரைப் பருகி, பாம்புத்தோல் போல் வழவழக்கும் மென்மையான சேர்ப்பன்றைன் ஆயிற்று. அதன் எடையில் நூற்றுக்கு 13 பங்களவு நீரே!

அன்பர்களே, ஈரமற்றவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். கல்லோ, தன் ஈரத்தால் இன்னொரு கல்லின் இயல்பையே மாற்றுகிறது.

மறுநாள் மாணவியிடம் என் பிழையைச் சொன்னேன். அவள் சற்றுச் சிந்தித்து, "அப்படியாயின் ஐயா, நம் கோணமலைப் பாறையும் ஆழத்திலிருந்து வந்ததோ?" என்றாள்.

இம்முறை நான் நகைக்கவில்லை. இருவருமாக நூலைத் திறந்தோம்.